மாமாவின் அடக்கமும் முன்பக்க யுஎஸ்பியும்

எங்கள் பக்கத்தில் ஒருவன் மூன்று வருடம் தொடர்ந்து கோவில் குடிலுக்கு சீரியல் பல்பு கட்டிவிட்டால் போதும், அவனுக்குக் கரண்டு சம்பந்தப்பட்ட எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பிவிடும். ஊர் நம்புவதில் ஆபத்து ஒன்றுமில்லை. அவனும் அதை நம்பிவிடுவதில்தான் இருக்கிறது. நான் ஐந்து வருடம் கட்டியவன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேதக்காரர் கோவில் ஒவ்வொன்றின் முன்னாலும் குழந்தை இயேசு பிறந்த தொழுவத்தை வைக்கோலிலும் களிமண்ணிலும் கட்டிவைப்போம். அதுதான் குடில். அதற்குப் போட்டி உண்டு, நடுவர்கள் உண்டு, நடுவர்கள் மேல் புகார் உண்டு. புதுக்கடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பங்குக் கோவிலில் குடிலின் மின்சாரப் பொறுப்பு என்னுடையது. சுழலும் நட்சத்திரம், மோட்டார் வைத்த அருவி, சைக்கிள் செயினில் நகரும் மூன்று ராஜாக்கள் எல்லாம் என் கைவேலை. (இரண்டாம் நாள் ஒரு ராஜா ஒட்டகத்தோடு குப்புற விழுந்தார். அதற்குப் பிறகும் எங்களுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.)

என் மின்னியல் அறிவு முழுவதும் மூன்று விதிகளில் அடங்கும். சீரியல் பல்பின் இரண்டு முனைகளில் எதை எந்த ஓட்டையில் சொருகினாலும் எரியும். எரியவில்லை என்றால் பிடுங்கி மாற்றிச் சொருக வேண்டும். அப்போதும் எரியவில்லை என்றால் லேசாக முறுக்கிவிட வேண்டும். கல்லூரியில் நான் படித்தது வரலாறு. இந்த மூன்று விதிகளோடும் ஒரு டெஸ்டரோடும் நான் 2007ஆம் வருடம் வரை தலைநிமிர்ந்து நடந்தேன்.

மரியதாஸ் மாமா என் அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பல வருடம் ஆன பிறகும் சாப்பிட்டு எழுந்தால் "ரைட், போலாம்" என்பார். ஜெபம் முடிந்தாலும் அதையே சொல்வார். அவருடைய மகன் வின்சென்ட் அத்தான் சவுதியில் ஏசி மெக்கானிக். மகள் லீமாவுக்கு என் வயது. அவள் கம்ப்யூட்டர் படித்தவள், உண்மையாகவே படித்தவள்.

அத்தான் ஒரு லீவில் வந்தபோது மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அன்றைக்கு மாலை மாமா சட்டை போட்டு, தலை சீவி, வெப்கேமரா முன்னால் உட்காருவார். மீசைக்கு மையை வாரா வாரம் சனிக்கிழமை அடிப்பார். ஆறாம் நாள் மகன் பார்க்கும்போது நரை தெரிந்துவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை கேமராவிலிருந்து கொஞ்சம் தள்ளியே உட்காருவார். நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டால், உறைந்த மகனைப் பார்த்து "ரைட், ரைட்" என்று தூண்டுவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. கம்ப்யூட்டரின் பின்னால் யுஎஸ்பி ஓட்டை இரண்டுதான். ஒன்றில் நெட் மோடம். இன்னொன்றில் மவுஸ். கேமராவுக்கு இடமில்லை. லீமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மவுஸைக் கொண்டு அத்தானை அழைப்பாள். அவர் வந்ததும் மவுஸைப் பிடுங்கிவிட்டு அதே ஓட்டையில் கேமராவைச் சொருகுவாள். பேசி முடித்ததும் மறுபடி மவுஸ். இரண்டு வருடமாக ஒரு வாரம்கூடத் தவறாமல் இது நடந்தது.

எனக்கு இதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்த சிபியுவின் முன்பக்கத்தில், சின்ன மூடிக்குள், இன்னும் இரண்டு யுஎஸ்பி ஓட்டைகள் இருந்தன. அவை வேலை செய்யாது. ஒருநாள் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்க ஓட்டைகளிலிருந்து வந்த ஒயர்கள் எங்கேயும் இணைக்கப்படாமல் ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் மெனக்கெடவில்லை. பத்து நிமிட வேலை, நான் மாட்டித் தருகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன்.

"இப்ப எல்லாம் ஓடுதுல்லா" என்றார் மாமா. "ஓடுத வண்டிய எதுக்குலே நிறுத்தி மூடியத் தெறக்க?"

நான் பல தடவை கேட்டேன். அவர் பல தடவை இதையே சொன்னார். உயிரோடு இருந்தவரை அந்த ஒயர்களில் என்னைக் கைவைக்க விடவில்லை. செத்த பிறகு வைத்தேன்.

அவர் இறந்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின வாரமே சளி, மூச்சுத் திணறல் என்று படுத்திருந்தார். புதன்கிழமை மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை மார்த்தாண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவர் உயிரோடு இல்லை.

வின்சென்ட் அத்தான் வர வழியில்லாமல் போயிற்று. பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. வெளியே விடுகிற காகிதம் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். அதுவரை வைத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை அடக்கம் என்று முடிவாயிற்று. அன்றைக்கு அவருக்கு விடுமுறை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியும் என்பதற்காகவே ஃப்ரீசர் பெட்டியில் ஒருநாள் கூடுதலாக வைத்தோம். அத்தான் லீமாவிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று. மூடுவதற்கு முன்னால் அப்பா முகத்தை ஒரு தடவை காட்டிவிடு என்றார்.

எங்கள் ஊரில் துக்க வீட்டுப் பந்தலுக்கு டியூப் லைட் கட்டுவதும் குடில் கட்டுகிற கூட்டம்தான். ஆகவே நான் இரண்டு நாளாக ஏணியிலேயே இருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மாமி பந்தலுக்கு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

"மக்கா, வின்சென்டு பாக்கணும். லீமாவுக்கு இப்ப கையும் ஓடல்ல காலும் ஓடல்ல. நீ பாத்துக்கிடுவியா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நம்பிக்கையோடு வேறு எதையும் நான் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரைப் பக்கத்து அறையிலிருந்து ஹாலுக்குக் கொண்டுவந்து ஒரு மேசையில் வைத்தேன். மோடத்துக்கு டெலிபோன் ஒயரை நீட்டினேன். ஹாலின் நடுவில் மாமா சவப்பெட்டியில் கிடந்தார். சுற்றிலும் பெண்கள் பாய் போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்ததால் மேசையை அதற்கு மேல் நெருக்க முடியவில்லை. கேமராவைக் கையில் பிடித்து நீட்டிப் பார்த்தேன். ஒயர் சிபியுவின் பின்னாலிருந்து வளைந்து வந்ததில் ஒரு முழம் எட்டவில்லை.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு எளிய வழி தோன்றியிருக்கலாம். தோன்றியிருந்தால் தயவுசெய்து மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருந்த ஐம்பது பேரில் ஒருவருக்கும் அது அப்போது தோன்றவில்லை, அல்லது தோன்றியவர்கள் குடில் மின்சாரப் பொறுப்பாளரிடம் சொல்லத் தயங்கினார்கள்.

எனக்குத் தோன்றியது முன்பக்க யுஎஸ்பி. அதை உயிர்ப்பித்தால் ஒரு முழம் கிடைக்கும். மவுஸையும் பிடுங்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். லீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, வழக்கம்போல மவுஸைப் பிடுங்கிக் கேமராவை மாட்டிவிடலாமே, வேறு ஏதாவது செய்து ஒயரை எட்ட வைக்கலாமே என்று கேட்டாள். மாமா அடக்கத்தில் நின்று மவுஸைப் பிடுங்கிக்கொண்டிருக்கச் சொல்கிறாயா என்று நான் கேட்டேன். அவள் உள்ளே போய் கம்ப்யூட்டரோடு வந்த சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தாள்.

"எந்த ஒயர் எங்கண்ணு இதுல படம் போட்டிருக்கு. பாத்துட்டு சொருகு."

"இதெல்லாம் கடைக்காரன் படிக்கதுக்குட்டி" என்றேன்.

அவள் அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். நான் அதன்மேல் ஸ்க்ரூக்களைக் கழற்றி வைத்தேன், உருண்டு ஓடிவிடக் கூடாது என்று.

உள்ளே போர்டில் ஊசி ஊசியாக இரண்டு வரிசை நின்றது. ஒயர்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்று நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக எட்டு. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே ஒரு ஓட்டை. குடிலில் இரண்டு முனை, இங்கே எட்டு, ஆகவே நாலு மடங்கு வேலை என்று கணக்குப் போட்டேன். எட்டு ஒயரை எட்டு ஊசியில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட விதங்களில் சொருகலாம் என்று பின்னாளில் லீமா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். அதில் சரியானவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். நான் சொருகியது அந்த விரல்களில் இல்லை. சிவப்பு இரண்டையும் ஓரத்தில் ஒரு பக்கம், கறுப்பு இரண்டையும் மறுபக்கம், நடுவில் பச்சையும் வெள்ளையும் மாறி மாறி என்று கண்ணுக்கு ஒழுங்காக அமைத்தேன். குடிலில் நடுவர்கள் பார்ப்பது அதைத்தான்.

மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். (துக்க வீட்டில் பாராட்டை எதிர்பார்த்தவன் என்ற பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும்.) லீமா அத்தானை அழைத்தாள். திரையில் அவர் வந்தார்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் கைகட்டி நின்றார்கள். நாங்கள் அவரைப் பார்த்தோம், அவருக்கு எங்கள் சத்தம் மட்டும் கேட்டது. கேமரா இன்னும் சொருகவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டார். மாமி எழுந்தாள். ஹால் முழுவதும் அழுகை வெடித்தது.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் உள்ளே வந்தார். கோவில் காரியங்களில் அவருக்குத் துணையான உபதேசியார் தூபக்கலசத்தோடு பின்னால் வந்தார். வீட்டு ஜெபம் முடிந்ததும் சவப்பெட்டியை மூடிக் கோவிலுக்குத் தூக்க வேண்டியதுதான். ஆரம்பிக்கலாமா என்று சாமியார் கண்ணால் கேட்டார். ஒரு நிமிடம் என்று நான் விரலைக் காட்டினேன். இடது கையில் கேமராவை எடுத்து மாமாவின் முகத்துக்கு நேராக நீட்டி, வலது கையால் ஒயரை முன்பக்க ஓட்டையில் சொருகினேன். தாராளமாக எட்டியது.

கேமராவின் சின்ன விளக்கு ஒருதடவை கண் சிமிட்டியது. அத்தான் திரையில் முன்னால் குனிந்தார். விளக்கு அணைந்தது. கேமரா என் கையில் சூடாக ஆரம்பித்தது. சூடானால் வேலை செய்கிறது என்று அர்த்தம், சீரியல் பல்பும் சூடாகத்தானே செய்கிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு வாசனை வந்தது. பிறகு மெல்லிசாகப் புகை.

தூபக்கலசத்திலிருந்தும் புகை வந்துகொண்டிருந்ததால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்மணி என் கையிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் கேமராவைப் பிடித்தபடி நின்றேன். சிபியுவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. திரையில் குனிந்திருந்த அத்தான் அப்படியே மறைந்துபோனார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் என் மூன்று விதிகள்தான். பிடுங்கினேன், மாற்றிச் சொருகினேன், முறுக்கினேன். பட்டனை எத்தனை தடவை அமுக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அழுகை நின்றுவிட்டது. ஐம்பது பேரும் என் முதுகைப் பார்த்தார்கள். லீமா மெதுவாக வந்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அடியில் கிடந்த புத்தகத்தை மூடினாள். திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருடம் வலித்திருக்காது.

அவள் கையிலிருந்த செல்போன் அடித்தது. அத்தான். அவள் எடுத்தாள், பேச வரவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"என்னாச்சுலே? கரண்டு போச்சா?"

போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். நம்பாமல் இருக்கிற அளவுக்கு எங்கள் ஊர் மின்சாரம் ஒன்றும் ஒழுக்கமானதல்ல. ஆனால் என் தலைக்கு மேல் நானே கட்டிய டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"இல்ல அத்தான். நான் ஒயர மாத்தி சொருகிட்டேன். எல்லாம் எரிஞ்சி போச்சு."

அவர் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். புதுக்கடை ப்ரௌசிங் சென்டர்க்காரர் பந்தலில்தான் நின்றார். அவரிடம் கேட்டுவிட்டு, கடையைத் திறந்து ஒரு கம்ப்யூட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றேன். சாமியாருக்கு அன்று மாலை இன்னொரு கோவிலில் பூசை இருந்தது. அது அத்தானுக்கும் தெரியும்.

"வேண்டாம்லே. அப்பாவ காக்க வைக்காண்டாம்" என்றார். அப்புறம் கேட்டார்: "நீ எங்க நிக்க?"

"மாமாவுக்க பக்கத்துல."

"முகம் எப்பிடி இருக்கு?"

"உறங்குத மாதிரி இருக்கு அத்தான்."

"அது எல்லாவனும் சொல்லுததுலே. நீ பாத்துச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. புதன்கிழமையிலிருந்து நான் மாமாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் வண்டி பிடிக்க ஓடினேன். வீட்டில் ஏணியில் ஏறினேன். மைக் செட், டெலிபோன் ஒயர், ஸ்க்ரூ என்று அடுத்தடுத்து ஏதாவது ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். சின்ன வயதில் முடிந்துபோன டிக்கெட் கட்டுகளின் அடி அட்டைகளை எனக்கென்று எடுத்து வந்து தருவார் மாமா. அதை வைத்துத்தான் நான் கண்டக்டர் விளையாட்டு விளையாடினேன். அவர் அப்படிக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதுதான் விஷயம். ஒரு முழம் எட்டாத ஒயரும் முன்பக்க யுஎஸ்பியும் எனக்கு ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம்.

சாமியார் கையில் ஜெபப் புத்தகத்தோடு பொறுமையாக நின்றார். நான் முட்டிபோட்டு உட்கார்ந்து மாமாவைப் பார்த்தேன்.

"நீங்க அனுப்பின வெள்ளச் சட்டதான் போட்டிருக்கு அத்தான். நீலக் கோடு போட்டது. இதுவரைக்கும் போட்டதே இல்ல போலிருக்கு, மடிப்பு கலையல்ல."

"ம்."

"கண்ணாடிய எடுத்தாச்சு. மூக்குல அது இருந்த தடம் ரெண்டு பக்கமும் அப்பிடியே இருக்கு. தாடைல சவரம் பண்ணின இடத்துல சின்னதா ஒரு கீறல். கைல மாமியுக்க ஜெபமால."

"மீச?"

பார்த்தேன். "மீச அடில அரிசி நீளத்துக்கு வெள்ள தெரியுது."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "அப்ப போன சனிக்கெழம மை அடிக்கல்ல" என்றார் அத்தான்.

"முடியாம கெடந்தாருல்லா."

"எனக்கிட்ட சும்மா ஜலதோஷம்ணுதான் சொன்னாரு. போன வெள்ளிக்கெழம பேசும்போ பின்னால தள்ளி இருந்தாரு. மீசைக்காக்கும்ணு நெனச்சேன்." பிறகு அவர் வாய்விட்டு அழுதார். அவரைச் சுற்றி நின்றவர்கள் ஏதோ சொல்லித் தேற்றுவது கேட்டது. இந்தப் பக்கம் நானும் அழுதேன், மூன்று நாளில் முதல் தடவையாக.

போனை வைக்காதே, அங்கேயே பிடி என்று சொன்னார். நான் அதை மாமாவின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டேன். சாமியார் எதுவும் கேட்காமல் இரண்டடி நகர்ந்து போனுக்குப் பக்கத்தில் வந்து நின்று ஜெபத்தைத் தொடங்கினார். புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்ல, "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஹாலே பதில் சொன்னது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு என் கைக்குள்ளிருந்து, ஒரு நொடி தாமதமாக, ஒரு மெல்லிய குரலும் சொன்னது. ஒவ்வொரு தடவையும் சாமியார் அந்தக் குரலுக்காகக் காத்திருந்துவிட்டே அடுத்த பெயருக்குப் போனார். என் கை மரத்துப்போயிற்று. நான் மாற்றிப் பிடிக்கவில்லை.

மூடியைத் தூக்கினார்கள். மூடப் போகிறார்கள் அத்தான் என்று சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் மெதுவாக, மாமாவின் அதே குரலில், "ரைட், போலாம்" என்றார். அது எனக்கு மட்டும்தான் கேட்டது. மூடிவிட்டார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். கல்லறையிலிருந்து திரும்பி வந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தோம். (பாலில்லாத தேநீர். எங்கள் பக்கத்தில் எந்தத் துக்கத்துக்கும் முதல் மருந்து அதுதான்.) மேசையில் சிபியு வயிறு திறந்து கிடந்தது. உபதேசியார் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதையே நெடுநேரம் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"செல்வினே, இதுக்கு பின்னால உள்ள ஓட்ட நல்லா வேல செய்ததாக்கும், இல்லியா?"

செய்தது என்றேன்.

"ஒயரு ஒரு முழம் எட்டல்ல. அம்புட்டுதானே?"

அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப இத கொஞ்சம் திருப்பி வச்சிருந்தா போதாதா?"

பின்பக்கம் சவப்பெட்டியைப் பார்க்கும்படி சிபியுவைத் திருப்பி வைத்திருந்தால் ஒயர் எட்டியிருக்கும், கேமரா வேலை செய்திருக்கும், அத்தான் பார்த்திருப்பார். ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். மாமி முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் லீமாவின் தோளும் குலுங்கியது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அது ஒரு வாக்கியமாக நிலைத்துவிட்டது. பாட்டில் மூடி திறக்கவில்லையா, பேங்கில் லோன் கிடைக்கவில்லையா, பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையா, யாராவது ஒருவர் முகத்தை ரொம்ப சீரியஸாக வைத்துக்கொண்டு, "திருப்பி வச்சுப் பாத்தியா?" என்று கேட்பார்கள். என் கல்யாணத்தில் மோதிரம் விரலில் ஏறாமல் நான் திணறிய நேரம், பின்வரிசையிலிருந்து லீமா அதைக் கேட்டாள். என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கதையைத் தெரிந்துகொண்டு என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். மாமா இறந்த வருடக் கிறிஸ்துமஸ் குடிலில் எனக்கு வைக்கோல் பொறுப்பு கொடுத்தார்கள். மார்த்தாண்டம் கடைக்காரர் சிபியுவைத் திறந்து பார்த்துவிட்டு, இதை யார் சொருகியது என்று மட்டும் கேட்டாராம். குடில் கட்டுகிறவன் என்று லீமா சொன்னாளாம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

எட்டு மாதம் கழித்து அத்தான் லீவில் வந்தபோது எதிரில் போய் நிற்க எனக்குத் தைரியமில்லை. அவரே வீட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனார். யுஎஸ்பி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கத்தை வீடியோக்காரர் முழுக்க எடுத்திருந்தார். சிடி அலமாரியில் இருந்தது. அத்தான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த லீவிலும் பார்க்கவில்லை. சவுதியை முடித்துக்கொண்டு வந்து ஊரோடு இருந்துவிட்ட பிறகும் அது உறை பிரிக்காமலே இருந்தது. சிடி போடுகிற வசதி வீட்டுக் கம்ப்யூட்டரில் இல்லாமலே போய்விட்ட ஒரு நாள், ஏன் பார்க்கவில்லை என்று கேட்டே விட்டேன்.

"நீ சொன்னது எனக்க கண்ணுல இருக்குலே" என்றார். "சட்ட மடிப்பு, மூக்குத் தடம், மீச. சிடியப் பாத்தா அது அழிஞ்சி போவும்."

என் மேலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மாமிக்கு இப்போது வயதாகிவிட்டது. லீமா கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். இந்தக் காலத்தில் துக்க வீட்டில் கேமராவுக்குக் குறைவில்லை, ஆளுக்கொரு போன், பிடித்து நீட்டினால் உலகமே பார்க்கிறது. போன மாதம் லீமா வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு எப்படியோ அதில் வந்து நின்றது. தன் அடக்கத்துக்கு லீமாவால் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று மாமியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நானும் அத்தானும் பக்கத்தில் இருந்தோம். மாமி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரையிலிருந்த மகளிடம் சொன்னாள்:

"எனக்கு கேமரா ஒண்ணும் வேண்டாம்ட்டி. செல்வின் பக்கத்துல இருந்து பாத்து சொல்லட்டு, அவன் நல்லா சொல்லுவான். அவனுக்க கைல ஸ்குரூ டிரைவர் மட்டும் குடுத்திரப்பிடாது."